செவ்வியல் நாவல்களின் வழியே நம் குணத்தை ஆராய முடியுமா?

செவ்வியல் நாவல்களைப் படித்து ஒருவர் தம் நற்குணத்தை எடைபோட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் கதாபாத்திரங்களுக்குத் தீர்ப்பு வழங்குவதைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, படிக்கும்போது நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ (1815) நாவலில், பாக்ஸ் ஹில் குன்றில் கூடியிருப்பவர்கள் ஆளுக்குச் சாதுரியமான பேச்சு ஒன்றோ, அசட்டுப் பேச்சு மூன்றோ சொல்ல வேண்டும் என்று விளையாட்டு தொடங்குகிறது. ஓயாமல் பேசும் இயல்புள்ள, வசதி குன்றிய மிஸ் பேட்ஸ், தான் வாயைத் திறந்தாலே அசட்டுப் பேச்சு மூன்றும் வந்துவிடும் என்று வெள்ளந்தியாகச் சொல்ல, மூன்றோடு நிறுத்துவதுதான் உங்களுக்குச் சிரமம் என்கிறாள் எம்மா. அந்த அம்மையாரின் பேச்சைப் பல பக்கங்களாகப் பொறுத்துவந்த நமக்கும் அங்கே சிரிப்பு வந்துவிடுகிறது. பிறகு குடும்ப நண்பரான நைட்லி எம்மாவைத் தனியே கண்டித்து, மிஸ் பேட்ஸின் வறுமையை நினைவூட்டும்போது, அக்கண்டிப்பு நம்மையும் சேர்த்தே தைக்கிறது. கருணைக்கு இலக்கணம் சொல்லும் எந்த நூலும் நம்மை இவ்வளவு துல்லியமாகப் பிடித்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இத்தகைய இடங்களில் புத்தகத்தை மூடிவைத்து, நம்மிடம் திருப்பிப் பேச முடியாத யாரையெல்லாம் இப்படிச் சிறுமைப்படுத்தியிருக்கிறோம் என்று எழுதிப் பாருங்கள். எம்மா அழுவதோடு நின்றுவிடாமல், மறுநாள் காலையிலேயே மிஸ் பேட்ஸின் வீட்டுக்குப் போகிறாள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்ததாக, டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886) கதையைப் படிக்கலாம். அதில் நோயாளியின் கால்களைத் தன் தோளில் தாங்கியிருக்கும் பணியாளன் கெராசிமுக்கும், இரங்கல் வீட்டிலும் சீட்டாட்டத்தையே நினைக்கும் நண்பர்களுக்கும் நடுவே நாம் எங்கே நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்ளலாம்.