என்ஜின் வயரிங் எரிந்தது, டியூப் வாங்கி வந்தது நான்தான்: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: என் காரில் என்ஜின் பக்கத்து வயர்களைச் சுற்றியிருந்த பழைய உறை சூட்டில் காய்ந்து உதிர ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் காட்டினேன். "நெளி டியூப் வாங்கி வாருங்கள், மாட்டித் தருகிறேன்" என்றார். உதிரிபாகக் கடையில் "என்ஜின் வயருக்கு மேலே போட வேண்டும்" என்று சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தேன். ஏழு வாரம் கழித்து, ஓடிக்கொண்டிருந்த வண்டி புகை கிளம்பி நின்றுவிட்டது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (என்ஜினின் சூடான புகை வெளியேறும் குழாய்) பக்கத்தில் டியூப் உருகி, வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகியிருந்தன. "பொருள் நீங்கள் கொண்டுவந்தது" என்கிறார் மெக்கானிக். "மாட்டியது சரியில்லை" என்கிறார் கடைக்காரர். "வயரிங்கில் மாற்றம் செய்திருக்கிறீர்கள்" என்று இன்சூரன்ஸிலும் கைவிரித்துவிட்டார்கள். நான் யாரைக் கேட்பது? மறுபடி மாட்டும்போது எதைப் போடுவது?

பதில்: வண்டியைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் அப்படியே நிறுத்தி வையுங்கள். கொடுத்திருந்தால் உடனே போன் செய்து, கழற்றிய எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதையே ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். இப்படி ஒரு வழக்கில் என்னிடம் வந்தவர் கையில் புது வயரிங்குக்கான பில்லும் மங்கலான மூன்று படங்களும்தான் இருந்தன. எரிந்த துண்டு குப்பைக்குப் போய்விட்டது. அங்கே போட்டிருந்தது என்ன பொருள் என்று எதிர்த்தரப்பு கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. என்னிடம் வந்தவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும், ஆனால் நிரூபிக்க முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

அடுத்து, மாட்டியதுபோக மிச்சமான டியூப் துண்டு வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நெளிவுகளுக்கு மேலே பொடி எழுத்தில் பொருளின் குறி அச்சாகியிருக்கலாம். பி.இ. என்றால் பாலிஎத்திலீன், பி.பி. என்றால் பாலிப்ரோப்பிலீன், பி.ஏ. என்றால் நைலான். மூன்றும் கறுப்பாக, ஒரே மாதிரி நெளிவோடு இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் பாலிஎத்திலீன் 105 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகும். நைலான் 6 என்பது 220 டிகிரி வரை தாங்கும். இவையெல்லாம் உருகும் அளவுகள்தான். நாள் முழுக்கத் தொடர்ந்து தாங்கும் சூடு இவற்றைவிட நிறையவே குறைவு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேற்பரப்போ பல நூறு டிகிரிக்குப் போகும். அந்தக் குறி பி.இ. என்று இருந்தால் உங்கள் வழக்கில் பாதி வேலை முடிந்தது.

இனி, பொறுப்பு யாருக்கு என்பதைப் பார்ப்போம். பொருளைக் கடையிலிருந்து தூக்கி வந்தது நீங்கள்தான். ஆனால் இந்தப் பொருள்தான் வேண்டும் என்று முடிவு செய்தது யார்? சட்டம் பார்ப்பது அதைத்தான். வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்று விற்பவரிடம் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். இது இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருந்த விதி. இலங்கையின் 1896 சட்டம், இந்தியாவின் 1930 சட்டம், மலேசியாவின் 1957 சட்டம் எல்லாம் அதன் வழியில் வந்தவை. இந்தியச் சட்டத்திலும் மலேசியச் சட்டத்திலும் 16-ஆம் பிரிவில் இதைப் பார்க்கலாம். "என்ஜின் வயருக்கு" என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னது அதனால்தான் முக்கியம். அதைச் சொல்லும்போது கூட யாராவது இருந்தார்களா? கடைக்காரருக்கு அதற்கு முன் செய்தி ஏதும் அனுப்பினீர்களா? பில்லில் என்ன எழுதியிருக்கிறது? இவற்றையெல்லாம் இப்போதே ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒருவேளை நீங்களே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி அதுதான் வேண்டும் என்று கேட்டிருந்தால், கடைக்காரர் மீதான வாதம் வெகுவாக இளைத்துவிடும். அப்படி நடந்திருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

மெக்கானிக் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பொருளின் குறைக்கு மட்டும் என்றால் அவரைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் அவர் தொழில் தெரிந்தவர். மாட்டுவதற்கு முன் அந்த டியூப் அவர் கையில் இருந்தது, அது எந்த இடத்தில் போகப் போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். "இது இந்த இடத்துக்கு ஆகாது" என்று சொல்வது அவர் கடமை. அதைவிடப் பெரிய விஷயம், வயரை அவர் எங்கே கொண்டுபோனார் என்பது. எவ்வளவு நல்ல உறையானாலும் சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வயரின் இன்சுலேஷனுக்கு என்று ஒரு எல்லை உண்டு. வாகன வயர்களுக்கான ஐஎஸ்ஓ 6722 என்ற சர்வதேசத் தரத்தில் 'ஏ' வகை வயர் 85 டிகிரிக்கு, 'பி' 100-க்கு, 'சி' 125-க்கு. மேனிஃபோல்டைத் தொட்டபடி வயர் கிடந்தால் எந்த டியூப்பும் காப்பாற்றாது. ஆகவே எரிந்த இடத்துக்குப் பக்கத்தில் பழைய கிளிப்புகளைப் பாருங்கள். வயரைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்தோ கழன்றோ, திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால், அது பொருளின் குறை இல்லை. வேலையின் குறை. அந்த இடத்தை ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள்.

ஃபியூஸையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஷார்ட் ஆனபோது அது போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால், அல்லது இருக்க வேண்டியதைவிட அதிக ஆம்பியர் ஃபியூஸ் அங்கே இருந்தால், யார் எப்போது அதை மாற்றினார்கள் என்ற கேள்வி கண்டிப்பாக வரும். அது நீங்கள் மாற்றியது என்றால் நஷ்டஈட்டில் உங்கள் பங்குக்கு ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள்.

நான் நோட்டீஸ் அனுப்பினால் கடைக்காரர், மெக்கானிக் இருவருக்கும் சேர்த்தே அனுப்புவேன். ஒருவரை மட்டும் பிடித்தால் அவர் வராத மற்றவர் மீது பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இருவரும் ஒரே அறையில் நின்றால் ஒருவர் சொல்வதே மற்றவருக்கு எதிரான சாட்சியமாகும். நோட்டீஸில் எரிந்த பாகங்களை வந்து பார்க்க ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு நல்லதுதான். அதன் பிறகே ஒரு நிபுணரைக் கொண்டு பிரித்துப் பார்த்து அறிக்கை வாங்குங்கள். செம்பு நுனிகளில் உருண்டை உருண்டையாகத் திரண்டிருப்பது ஷார்ட்டின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் ஷார்ட்டால் சூடு வந்ததா, சூட்டால் ஷார்ட் வந்ததா என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ சொல்லி எடுபடாது. காலக்கெடுவையும் மறக்காதீர்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். மற்ற நாடுகளில் கெடு வேறாக இருக்கும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உதிர்ந்த உறைக்குப் பதில் புதிதாகப் போடுவது பழுதுபார்ப்பு, மாற்றம் ஆகாது. புது விளக்கோ ஹாரனோ இழுத்து மாட்டியிருந்தால் அது வேறு கதை. ஆனால் உங்களுக்கு உண்மையில் சிக்கல் தரக்கூடியது வேறு ஒன்று. பல பாலிசிகளில் தீ விபத்துக்குக் காப்பு உண்டு, வெறும் மின்பழுதுக்கும் தேய்மானத்துக்கும் கிடையாது. தீப்பிடித்ததா, உருகிப் புகைந்ததோடு நின்றதா என்பதில்தான் க்ளெய்ம் தொங்கும். கரி படிந்த இடங்களையும் பானெட்டின் உட்புறத்தையும் கழுவாமல் வையுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், தீ இல்லாத இடத்தில் தீயைச் சேர்க்காதீர்கள்.

சரி, மறுபடி எதைப் போடுவது? இன்ஜினியரிங் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் இத்தனை அறிக்கைகளைப் படித்ததில் தெரிந்துகொண்டது இது. மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் சிலிகோன் பூசிய கண்ணாடி இழை ஸ்லீவும், கதிர்வீச்சுச் சூடு நேராகப் படும் இடத்தில் அலுமினியம் பூசிய ஸ்லீவும் போடுகிறார்கள். மற்ற என்ஜின் பகுதிக்கு நைலான் நெளி டியூப், அதன் மேல் சூடு தாங்கும் பாலியஸ்டர் துணி டேப். சாதாரண பிவிசி டேப்பை அங்கே சுற்றினால் பசை இளகி வழிந்து, சுற்று அவிழ்ந்துவிடும். இணைப்புகளுக்கு உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) நல்லது, தண்ணீர் புகாது. வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று நீங்களே விரலை விட்டுப் பாருங்கள்.

இந்த முறை பொருளை நீங்கள் வாங்காதீர்கள், வேலை செய்பவரே வாங்கட்டும். பில்லில் வெறுமனே "வயரிங் வேலை" என்று எழுத விடாதீர்கள். உறையின் பெயர், அது தாங்கும் சூடு எத்தனை டிகிரி, எந்தெந்த கிளிப்புகள் மாற்றப்பட்டன என்று மூன்றையும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.