படகிலிருந்து கொடுவா: எந்த ஜிக், எந்த லூர் (செயற்கை இரை)?

கேள்வி: அண்ணா, கடையில் ஜிக்ஹெட் (ரப்பர் மீனை மாட்டும், தலையில் ஈயம் வைத்த முள்) 5 கிராமிலிருந்து 40 கிராம் வரை தொங்குகிறது. முகத்துவாரத்தில் படகிலிருந்து கொடுவா பிடிக்க எதை வாங்குவது?

ஆழத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து வாங்குங்கள் தம்பி. தரையைத் தொடுகிற ஜிக்குகளிலேயே எடை குறைந்தது எதுவோ, அதுதான் சரியானது. மூன்று மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நிற்கும்போது 10 கிராம் போதும். அதே இடத்தில் வற்று (கடல் நீர் வடியும் ஓட்டம்) வேகமாக இழுக்கும்போது 20 கிராமாவது கேட்கும். அதனால் இரண்டு மூன்று எடைகள் கையில் இருக்கட்டும்.

ஜிக் தரையைத் தொட்டதும் தூண்டில் நரம்பு தளரும். அந்தத் தளர்வு தெரியவில்லை என்றால் ஒரு எடை ஏற்றுங்கள். கல்லைப் போட்டது மாதிரி தொப்பென்று இறங்கினால் குறைத்துவிடுங்கள். கொடுவா பதுங்கியிருந்து பாயும் மீன். இரை பக்கத்தில் வந்ததும் படக்கென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். ஜிக் மெல்ல இறங்கினால்தான் அதற்கு அவகாசம் கிடைக்கும். இறங்கும்போது நரம்பை லேசான இறுக்கத்தில் வைத்திருங்கள், பெரும்பாலான கடி அப்போதுதான் வரும். ‘டக்’ என்று ஒரு சின்னத் தட்டல், அவ்வளவுதான்.

இன்னொன்று, எடை ஏற்றும் முன் பிரெய்டு (பின்னல்) நரம்பின் தடிமனைப் பாருங்கள். தடித்த நரம்பை நீரோட்டம் வளைத்துத் தூக்கிவிடும். மெல்லிய நரம்பில் அதே ஜிக் இன்னும் நேராக இறங்கும்.

கேள்வி: கலங்கிய தண்ணீருக்கு என்ன நிறம்?

கறுப்பு, அல்லது பளிச்சென்ற மஞ்சள் பச்சை. தெளிந்த தண்ணீரில் மடவை மாதிரி வெள்ளி. ஆனால் நிறத்தைக் கடைசியாக மாற்றுங்கள். எடை, ஆழம், இழுக்கும் வேகம் மூன்றையும் மாற்றிப் பார்த்த பிறகு போதும்.

கேள்வி: என் சஸ்பெண்டிங் மின்னோ (இழுப்பதை நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும் மீன் வடிவ லூர்) ஏரியில் அந்தரத்தில் அழகாக நிற்கிறது. கடலில் இழுப்பதை நிறுத்தினால் மேலே வந்துவிடுகிறது. லூர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, உப்புதான் காரணம். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. நன்னீரில் அந்தரத்தில் நிற்கும் 20 கிராம் லூரைக் கடல் அரை கிராம் அளவுக்குக் கூடுதலாக மேலே தள்ளும். ஒட்டுகிற ஈயத் தகடு கிடைக்கும். அதைச் சின்னத் துண்டாக வெட்டி, வயிற்று முள்ளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். படகு ஓரத்தில் விட்டுப் பாருங்கள். மூக்கு ஒரு சிறிது தாழ்ந்து, அசையாமல் நின்றால் சரி. இதை வீட்டு வாளியில் சோதித்துப் பயனில்லை. முகத்துவாரத்தில் ஓதத்துக்கும் (கடல் ஏற்ற இறக்கத்துக்கும்) மழைக்கும் ஏற்ப உப்பு மாறும், மீன் பிடிக்கும் இடத்திலேயே பாருங்கள். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். மரவேர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கொடுவா, லூர் நிற்கும் அந்த நொடியில்தான் அடிக்கும்.

கேள்வி: நல்ல மீன் சார், ஒரு குதி குதித்துத் தலையை உதறியது. முள் நிமிர்ந்தே போய்விட்டது.

லூரோடு வரும் மூமுள் (மூன்று கொக்கி முள்) பல சமயம் மெல்லிய கம்பி. அதே அளவில் தடித்த கம்பி முள்ளாக மாற்றுங்கள், முள்ளை லூரோடு இணைக்கும் வளையத்தையும் சேர்த்து. முள்ளின் அளவைப் பெரிதாக்கினால் லூரின் நீச்சல் கெட்டுவிடும். தடித்த கம்பியால் எடை கூடி லூர் கொஞ்சம் தாழும், லூர் மேலே வருகிறது என்று கேட்டவருக்கு அதுவும் உதவும். லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு) 40 பவுண்டு தாங்குதிறனுக்குக் குறைய வேண்டாம். கொடுவாவின் வாய் சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்பு நரம்பையும் அறுக்கும், விரலையும் அறுக்கும்.

கேள்வி: மெட்டல் ஜிக் (உலோகத்தாலான லூர்) கொடுவாவுக்கு எடுபடுமா?

பாறையை ஒட்டி, ஆழத்தில் மீன் நிற்பது சோனாரில் (மீன் காட்டும் கருவியில்) தெரிந்தால் எடுபடும். நடுவில் எடை உள்ளதை எடுங்கள், அது படுத்தவாக்கில் ஆடி ஆடி இறங்கும். வால் பக்கம் கனமானது விறுவிறுவென்று நேராக இறங்கும், நீரோட்டம் பலமாக இருக்கும்போது மட்டும் அது. அடி முள்ளைக் கழற்றிவிட்டு மேலே ஒற்றை அசிஸ்ட் முள் (சிறு கயிற்றில் கட்டிய முள்) போட்டால் பாறையில் சிக்குவது குறையும்.

கேள்வி: பெட்டியில் வைத்த ரப்பர் மீன்கள் உருகி ஒட்டிக்கொண்டன. வெயிலா?

வெயிலும் இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வகை சாஃப்ட் பிளாஸ்டிக்கை (ரப்பர் மீன்களை) ஒன்றாகப் போட்டாலே உருகலாம். வாங்கிய உறையிலேயே தனித்தனியாக வையுங்கள்.