எச்-இண்டெக்ஸை வைத்துக் கணிதப் பேராசிரியரையும் உயிரியல் பேராசிரியரையும் ஒப்பிடலாமா?

கூடாது. எச்-இண்டெக்ஸ் என்பது ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை அளக்கும் எண்: குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருந்தால், எண் 20. 2005-இல் இந்த எண்ணை முன்வைத்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷே, துறைக்குத் துறை இது மாறும் என்று அப்போதே சொல்லிவிட்டார். உயிரியலில் ஓர் ஆய்வுக்கூடமே சேர்ந்து எழுதும். மேற்கோள்கள் சீக்கிரம் குவியும். கணிதத்தில் ஒருவரோ இருவரோ வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒரே கட்டுரையை எழுதுவார்கள். ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மானையே பாருங்கள். புவான்காரே கணிப்பு என்ற பிரபலமான கணிதப் புதிருக்கான நிரூபணத்தை 2002-03-இல், ஆய்வாளர்கள் தாங்களே கட்டுரைகளைப் பதிவேற்றும் ஆர்க்கைவ் தளத்தில் மூன்று கட்டுரைகளாகப் போட்டதோடு சரி, எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. மற்றவர்கள் அதைச் சரிபார்க்கவே சில வருடங்கள் ஆயின. கணினியியலில் மாநாட்டுக் கட்டுரைக்குத்தான் மவுசு, வரலாற்றில் புத்தகத்துக்கு.

அப்புறம் எப்படித்தான் மதிப்பிடுவது? அந்தந்தத் துறைக்காரர் இரண்டு பேரிடம் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும்தான்.