மதிய மாத்திரை ஏன் கேட்பதில்லை?

கேள்வி: என் கணவருக்கு வயது 66. நடுக்குவாதம் என்று சொல்லப்படும் பார்க்கின்சன் நோய்க்கு எட்டு ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறார். காலை 7, பகல் 1, இரவு 7 என்று மூன்று வேளை லெவோடோபா மாத்திரை. காலையில் தாமே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை சென்று பால் வாங்கி வருபவர், 11 மணிக்கு மேல் அறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். மதிய மாத்திரை சில நாள் கேட்பதே இல்லை. “காலையில் நன்றாகத்தானே நடந்தார்” என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது. பிறகு அதை நினைத்து அழுகிறேன். மருந்து பலனற்றுப் போய்விட்டதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, அவர் நடிக்கவில்லை. உறவினர்களிடம் இதை உறுதியாகச் சொல்லுங்கள். காலையில் நடந்தவர் நான்கு மணி நேரம் கழித்து நிலைப்படியைத் தாண்ட முடியாமல் நிற்பது, பல ஆண்டுகள் மருந்து எடுத்தவர்களிடம் நாங்கள் அன்றாடம் காணும் நிலைதான்.

லெவோடோபா மூளைக்குள் சென்று, உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்னும் வேதிப்பொருளாக மாறுகிறது. நோயின் தொடக்கத்தில், எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் அந்த டோபமைனைச் சேமித்து வைத்து மெல்ல மெல்லச் செலவிடுவதால் மூன்று வேளை மருந்தே நாள் முழுவதும் தாங்கும். அணுக்கள் குறையக் குறைய அந்தச் சேமிப்பும் குறைந்து, அந்தந்த நேரத்தில் இரத்தத்தில் இருக்கும் மருந்தையே மூளை நம்பியிருக்க வேண்டியதாகிறது. அந்த அளவோ சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். மாடித் தொட்டி பெரிதாக இருந்தவரை குழாயில் எந்நேரமும் தண்ணீர் வந்தது. தொட்டி சிறுத்துப்போனதும் மோட்டார் ஓடும்போது மட்டும் வருகிறது. 7 மணி மாத்திரை 11 மணிக்குத் தீர்ந்துபோவதன் காரணம் இதுவே. மருந்து பலனற்றுப் போயிருந்தால் காலையிலும் அவர் பால் வாங்கப் போயிருக்க மாட்டார்.

மதியத்தின் கதை வேறு. இந்த மருந்து இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலுக்குச் சென்றாக வேண்டும். இந்நோயில் இரைப்பை இயல்பாகவே மந்தமாக இயங்கும். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதமாகும். போதாக்குறைக்கு, பருப்பு, மீன், தயிர் ஆகியவற்றின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள், குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபா நுழையும் அதே வழியில் போட்டிக்கு நிற்கின்றன. ஆகவே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாக ஒரு தம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். புரதத்தை நிறுத்த வேண்டாம்; உடல் மெலிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். மலச்சிக்கலையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, எப்போது நன்றாக இருந்தார், எப்போது இறுகிப்போனார், எப்போது உடம்பு தானாக நெளிந்து ஆடியது. கடைசியாகச் சொன்னதைக் குடும்பத்தினர் பலர் நடுக்கம் என்று எண்ணிக் கூடுதல் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். அந்த நெளிவு பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. கைப்பேசியில் இரண்டு நிலைகளையும் படம் பிடித்துக் காட்டினால் மருத்துவருக்கு வேலை எளிதாகும். அவர் வேளைகளின் இடைவெளியைக் குறைக்கலாம். மருந்தின் பலனை நீட்டிக்க என்டகபோன் சேர்க்கலாம். அதனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் அஞ்ச வேண்டாம். டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்ஸால் என்ற மருந்தைக் கொடுத்தால், சூதாட்டமோ கட்டுக்கடங்காத செலவோ தலைகாட்டுகிறதா என்று கவனியுங்கள்.

எந்த நிலையிலும் மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்காக மெட்டோகுளோபிரமைடு கொடுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது டோபமைனைத் தடுக்கும் மருந்து.

வாசலில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிலைப்படிக்கு முன் தரையில் வண்ண நாடாவைக் குறுக்கே ஒட்டி, அதைத் தாண்டச் சொல்லுங்கள். நகராத கால் பலருக்கு அப்போது நகர்ந்துவிடுகிறது.

கேள்வி: பார்க்கின்சன் நோய்க்கு அப்பா சாப்பிடும் லெவோடோபா மாத்திரைக்குப் பதிலாகப் பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது. நான் எச்சரிப்பதும் அதனால்தான். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கும் என்பது பொடிக்குப் பொடி மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சி உடம்பு நெளியும், மாத்திரையை விட்டுவிட்டால் இறுகிப்போவார். மூளைக்கு வெளியே மருந்து வீணாகாமல் காக்க மாத்திரையில் சேர்க்கப்படும் கார்பிடோபாவும் அதில் இல்லாததால் குமட்டல் கூடும். ஏற்கெனவே கொடுத்துவருகிறீர்கள் என்றால் திட்டுவார்களோ என்று மறைக்காமல், அந்தப் பொட்டலத்தையே நரம்பியல் மருத்துவரின் மேசைமேல் வையுங்கள்.