5 கேரட் மாணிக்கம் 2,000 ரூபாயா?

கேள்வி: மோதிரத்துக்கு மாணிக்கம் வேணும். ஆன்லைன்ல 5 கேரட் 2,000 ரூபான்னு போட்டிருக்காங்க, நேச்சுரல்னும் இருக்கு. முதல் தடவையா கல்லு வாங்கறேன், நம்பலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம்மா. அந்த விலைக்கு அவ்வளவு பெரிய நல்ல மாணிக்கம் கிடைக்கவே கிடைக்காது. பெரும்பாலும் அது விரிசல் விழுந்த மட்டமான கல்லுல ஈயக் கண்ணாடிய உருக்கி அடைச்சதா இருக்கும், கல்லு பூமியில இருந்து எடுத்ததுதானேன்னு நேச்சுரல்னு போட்டுடறாங்க, ஆனா எலுமிச்சை சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிச்சுப் போகும், மோதிரத்த ரிப்பேர் பண்ண ஆசாரி சூடு காட்டினா கல்லே கெட்டுடும். லென்ஸ் வச்சு கல்ல சாய்ச்சு சாய்ச்சு பாருங்க, உள்ள நீலமா ஒரு மினுக்கு, காத்துக் குமிழி எல்லாம் தெரியும். கண்ணாடி அடைக்காம, நிறம் நல்லா வர்றதுக்காக வெறும் சூடு மட்டும் பண்ணின கல்லு வேற, அத எல்லாரும் ஏத்துக்கறாங்க, ஆனா பில்லுல எழுதித் தரணும். ஜிஐஏ (ரத்தினக் கல்ல சோதிச்சு ரிப்போர்ட் தர்ற அமெரிக்க அமைப்பு) மாதிரி லேப் ரிப்போர்ட் இருந்தா அந்த ரிப்போர்ட் நம்பர அந்த லேப் சைட்லயே போட்டு செக் பண்ணுங்க, விக்கறவர் அனுப்பற போட்டோ போதாது. பகல் வெளிச்சத்துல எடுத்த வீடியோவும் மில்லிமீட்டர் அளவும் கேளுங்க. ரிட்டர்ன் கிடையாதுன்னா விட்டுடுங்க. முதல் கல்லு 1 கேரட்டுக்குள்ள இருக்கட்டும்.