காகித மறுசுழற்சிக்குத் தாவரச் சோப்பு உண்மையிலேயே நல்லதா?

நல்லதுதான். ஆனால் சோப்பை மட்டும் மாற்றிவிட்டு மற்ற ரசாயனங்களை அப்படியே கொட்டிக்கொண்டிருந்தால் பலன் சொற்பம். பழைய தாளைக் கூழாக்கிப் புதுத் தாள் செய்து பார்ப்பவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆலைகளில் பழைய தாளை நீரில் கூழாக்கி, சோப்புப் பொருள் கலந்து, காற்றைச் செலுத்துவார்கள். மைத்துகள்கள் காற்றுக்குமிழிகளில் ஒட்டி மேலே மிதந்து வரும். அந்தக் கருத்த நுரையை வழித்தெடுப்பார்கள். இதற்குப் பயன்பட்டவற்றுள் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டுகள் என்ற செயற்கைச் சோப்புப் பொருள்களும் உண்டு. அவை நீரில் சிதைந்து, மீன்களின் ஹார்மோன்களைக் குழப்பும் நோனைல்ஃபீனாலாக மாறுகின்றன. காகிதத் தயாரிப்பில் அவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தடுத்திருக்கிறது. குளுக்கோஸிலிருந்தும் தேங்காய், பனை எண்ணெய்களிலிருந்தும் கிடைக்கும் தாவரச் சோப்புப் பொருள்களோ எளிதில் மக்கிவிடும்.

நான் சோதித்தது பூந்திக்கொட்டையை. இரண்டு ஜாடிகளில் செய்தித்தாள் துண்டுகளை ஊறவைத்தேன். ஒன்றில் வெறும் நீர். மற்றொன்றில் கொட்டையை ஊறவைத்து வடித்த நீர். நன்றாகக் குலுக்கியதும் இரண்டாவது ஜாடியில் சாம்பல் நிற நுரை கழுத்துவரை எழும்பியது. கண்ணாடியில் விரலால் தேய்த்தால் கரிபோல ஒட்டியது. அதை வழித்துவிட்டுக் கூழை அலசியபோது, வெறும் நீரில் ஊறியதைவிடத் தெளிவாகவே வெளுத்திருந்தது. கொட்டையின் சாயம் ஏறி லேசான பழுப்பும் இருந்தது. லேசர் பிரிண்டரில் அச்சிட்ட தாளிடம் மட்டும் இது எடுபடவில்லை. அதன் மைத்தூளான டோனர் என்பது சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிய பிளாஸ்டிக். உலர்ந்த தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது கரும்புள்ளிகள் அப்படியே தெரிந்தன.

என் பார்வையில் உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. மையைத் தளர்த்தக் காஸ்டிக் சோடா என்ற காரத்தைப் போடுகிறார்கள். செய்தித்தாளில் மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதிகம். அதனால் காரம் பட்டால் தாள் மஞ்சளாகும். அதை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு, அது வீணாகச் சிதையாமலிருக்க சோடியம் சிலிகேட் என்று ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது. காரம் கூடக் கூட, நாரிலிருந்து கரைந்து கழிவுநீரில் சேரும் பொருளும் கூடும். காரமில்லாத நீரிலேயே மையைப் பிரிக்கும் தாவரச் சோப்பு கிடைத்தால் இந்தச் சங்கிலியே தளர்ந்துவிடும். நாரின் மேற்பரப்பை லேசாக அரித்து மையை விடுவிக்கும் செல்லுலேஸ் போன்ற நொதிகளும் இதற்குத் துணை நிற்கும்.

தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்றைத் தீங்கற்றது என்று நம்பிவிடாதீர்கள். பூந்திக்கொட்டையில் நுரை தரும் சபோனின் மீன்களுக்கு நஞ்சு. பனை எண்ணெய்க்காகக் காடு அழிந்திருந்தால் அந்தச் சோப்பைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. என் ஜாடி நீரைக்கூட நான் வாய்க்காலில் விடுவதில்லை. துணியில் வடித்து மைச்சேற்றைத் தனியே எடுத்துவிட்டு, அதே நீரில்தான் அடுத்த கூழை ஊறவைக்கிறேன்.