பேட்டரி படிச்சா எங்க வேலைனு கேட்ட அருப்புக்கோட்டை அக்காவுக்கு

அக்கா, நேத்து போன் வைக்கிறப்ப கடைசியா ஒண்ணு கேட்டீங்கல்ல, "பேட்டரி பேட்டரினு சொல்றா தம்பி, கடைசில இன்வெர்ட்டர் கடைல டிஸ்டில்டு வாட்டர் ஊத்துற வேலைதான் கிடைக்குமோ"னு, அது மனசுலயே நின்னுடுச்சு. அவசரத்துல ஏதோ சொல்லிட்டேன், இப்ப நிதானமா எழுதுறேன், காலேஜ்ல பேட்டரி பத்திப் படிக்கணும்னு கேக்குற உங்க பாப்பாவையும் கூட உக்கார வச்சுப் படிங்க.

உங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மேலயே பாருங்க, 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்)னு போட்டிருக்கும், பெருக்கினா 1800 வாட்-அவர், 1000 வாட்-அவர்தான் ஒரு யூனிட், அதாவது ரெண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. இப்ப சோலார் பண்ணைகள்ல வைக்கிற பேட்டரி, லாரில போற அதே 20 அடி கன்டெய்னர் சைஸ்தான், ஒண்ணுக்குள்ள கிட்டத்தட்ட 5000 யூனிட் பிடிக்கும். உங்க வீட்டு பேட்டரி மாதிரி 2700க்கு மேல அடுக்கினா வர்ற அளவு.

எதுக்கு இவ்ளோ பெருசுன்னா, உங்க பக்கத்துல கமுதியையே எடுத்துக்கங்க, 2016ல இருந்து 648 மெகாவாட் சோலார் ஓடுது, மத்தியானம் கொட்டோ கொட்டுனு கொட்டுது, ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்லயும் லைட்டு ஃபேன் டிவி போடுறப்ப ஒண்ணும் வராது. காத்தாலை ஆடில பிச்சு உதறும், தை மாசி வந்தா தேடணும். பகல்ல வர்றத பிடிச்சு வச்சு ராத்திரி குடுக்கணும், அதுக்குத்தான் இந்த பேட்டரி. ஆஸ்திரேலியால 2017லயே 100 மெகாவாட்டுக்கு வச்சாங்க, நம்ம நாட்டுல சத்தீஸ்கர் ராஜ்நந்த்காவ்ல சோலாரோட சேத்து 1,20,000 யூனிட் பிடிக்கிற மாதிரி வச்சிருக்காங்க. இன்னும் நிறைய வரப்போகுது, அதனாலதான் பாப்பா கேக்குறத நான் தட்டிவிடல.

சரி, உள்ள என்ன இருக்கு? ஒரு செல்லு கெட்டி அட்டை போட்ட தடி புத்தகம் மாதிரி இருக்கும், அஞ்சரை கிலோ, 3.2 வோல்ட், 314 ஏஎச், அதாவது ஒரு செல்லு ஒரு யூனிட். இரும்பும் பாஸ்பேட்டும் சேந்த லித்தியம் வகை, எல்எஃப்பினு சொல்லுவாங்க. இது மாதிரி 416 செல்ல வரிசையா கோத்தா ஒரு ரேக், 1300 வோல்ட்ட தாண்டும், அப்படி 12 ரேக் ஒரு கன்டெய்னருக்குள்ள. இதுல பெரிய தலைவலி என்னன்னா நம்ம பழைய பந்தி மாதிரிதான், ஒருத்தர் இலைய மூடிட்டா மொத்த வரிசையும் எந்திரிச்சாகணும். 416ல ஒரே ஒரு செல்லு முதல்ல நிறைஞ்சிட்டா மத்த 415ம் பாதில சார்ஜ நிறுத்தணும், காலியாகுறப்பவும் அதே கதைதான். ஒவ்வொரு செல்லோட வோல்டேஜையும் சூட்டையும் பாத்துக்கிட்டே இருந்து சமன் பண்றதுக்கு பிஎம்எஸ்னு ஒரு எலக்ட்ரானிக்ஸ் இருக்கு. இன்னொண்ணு, எல்எஃப்பில பாதி சார்ஜ் இருந்தாலும் முக்கால் இருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் காட்டும், மிச்சம் எவ்ளோன்னு கண்டுபிடிக்க கணக்கும் கோடிங்கும் வேணும். சொந்தக்காரங்க கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு அடம்பிடிக்கிறாங்கன்னு சொன்னீங்கல்ல, பாப்பாவுக்கு கோடிங் பிடிச்சா இங்கயும் அது வீணாகாது.

அதனால பேட்டரி வேலைங்கிறது ஒரு வேலை இல்லக்கா. செல்லுக்குள்ள இருக்கிற பவுடர், எலக்ட்ரோலைட், அது கெமிஸ்ட்ரி ஆளு. பேக், பிஎம்எஸ், கூலிங், இது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் ஆளு, ஓசூர் கிருஷ்ணகிரி பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனிகள் தேடுறது இவங்கள. கன்டெய்னர்ல இருக்கிற டிசி கரண்ட்ட வீட்டுக்கு வர்ற ஏசியாக்கி கிரிட்ல, அதாவது ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டுபோற லைன்ல, சேக்குறது ட்ரிபிள்இ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) ஆளு. பாப்பா ஸ்கூல் லேப்ல எங்க நேரம் போறது தெரியாம நின்னாள்னு கேளுங்க, மார்க்க விட அதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா சொல்றேன், கோர்ஸ் பேர்ல பேட்டரி, ஈவி (எலக்ட்ரிக் வண்டி)னு இருக்குங்கிறதுக்காக மட்டும் பணம் கட்டாதீங்க. சில வருஷம் முன்னாடி ஒரு பையனுக்கு நானே அப்படி ஒரு புதுப் பேரு கோர்ஸ எடுக்கச் சொன்னேன், படிச்சு முடிச்சு கவர்மென்ட் வேலைக்குப் போட்டா நோட்டிபிகேஷன்ல ட்ரிபிள்இனு இருக்கு, இவன் டிகிரி அதுக்குச் சமம்னு சர்டிபிகேட் வாங்க அலையோ அலைனு அலைஞ்சான். அது என் தப்பு, இன்னிக்கும் உறுத்துது. ட்ரிபிள்இ, இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), கெமிக்கல், மெக்கானிக்கல்னு பேஸ் பிராஞ்ச் எடுக்கட்டும், பேட்டரிய எலெக்டிவ்லயும் ப்ராஜெக்ட்லயும் பிடிக்கட்டும்.

விதிவிலக்கா ஒரே ஒரு இடம் சொல்வேன், காரைக்குடி சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953ல தொறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல்னு பிடெக் அண்ணா யுனிவர்சிட்டி கீழ பல வருஷமா நடத்துறாங்க, பேட்டரி ஆராய்ச்சி நடக்குற அதே வளாகத்துலயே படிப்பு. உங்க ஊர்ல இருந்து பஸ்ல போய்ட்டு வந்துடலாம், அட்மிஷன் விவரத்த நேர்லயே கேட்டுட்டு வாங்க.

வெடிக்குமேனு பயந்தீங்க. எல்எஃப்பி மத்த லித்தியம் வகையவிட சூட்ட தாங்கும், ஆனாலும் ஆபத்தே இல்லைனு சொல்ல மாட்டேன். பயிற்சி இல்லாம கைவைக்கக் கூடாது, நல்ல கம்பெனில அந்தப் பயிற்சி குடுத்துத்தான் உள்ள விடுவாங்க.

எந்த காலேஜ் பாக்கப் போனாலும் பில்டிங்க விடுங்க, "லேப்ல பேட்டரி சைக்ளர் இருக்கா, போன வருஷம் பசங்க அதுல என்ன ப்ராஜெக்ட் பண்ணாங்க, காட்டுங்க"னு பாப்பாவையே கேக்கச் சொல்லுங்க. செல்ல திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணி இறக்கி எத்தனை தடவை தாங்குதுனு பாக்குற மெஷின் அது. பதில எழுதி எனக்கு அனுப்புங்க, கவுன்சிலிங்ல காலேஜ், கோர்ஸ வரிசையா குடுக்கிற சாய்ஸ் பில்லிங்குக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து வரிசைப்படுத்திடலாம்.